பெட்ரோலைப் பார்த்த மாப்பிள்ளை

கரட்டுப்புதூர்க்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நான் பக்கத்து ஊர்க்காரன். நாளைப்பின்னே அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். அவர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். ஒருமுறை மாட்டு டாக்டர் வந்து, மருந்தை ராத்திரி மாடு படுத்ததும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாடு நின்றுகொண்டே தூங்கிற்று. மூன்று நாள் மருந்தைக் கையில் பிடித்தபடி அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். மாடு தானாகவே குணமாகி மேயப் போய்விட்டது, மருந்து மட்டும் இன்னும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் எந்த விஷயத்தையும் நின்றுகொண்டு பேச மாட்டார்கள். நிழல் பார்த்து, துண்டை விரித்து, அதன் நாலு பக்கமும் உட்கார்ந்துதான் பேசுவார்கள். துண்டை மடிக்கும்போது ஒரு முடிவு இருக்க வேண்டும். நல்ல முடிவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இந்தத் தை மாதம் அந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினார்கள். வெள்ளைக் கார். முன் சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம். விற்றவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர். டேங்க் நிறைய பெட்ரோல் போட்டு, சாவியைக் கையில் கொடுத்து, ஒரே ஒரு புத்திமதி சொன்னார். பெட்ரோல் திறந்து கிடந்தால் ஆவியாகப் பறந்துவிடும். டேங்க் மூடியை இறுக்கி மூடிவையுங்கள், ஊசிமுனை அளவுகூடக் காற்று புகக் கூடாது.

கரட்டுப்புதூரில் அந்த மூடியின்மேல் சைக்கிள் ட்யூபை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். அதன்மேல் நாலு மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினார்கள். அதன்மேல் தேங்காய் நார்க்கயிற்றை வரிந்து கட்டினார்கள். பிறகு ஒரு ஊசியை எடுத்து எங்கேயாவது உள்ளே போகிறதா என்று குத்திப் பார்த்து, போகவில்லை என்றதும் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள்.

வண்டி ஓட்ட வெள்ளியங்கிரி தேர்ந்தெடுக்கப்பட்டான். லாரி ஓட்டிப் பழகிய ஒருவர் இரண்டு நாளில் கற்றுத்தருவதாக ஒப்புக்கொண்டார். முதல் நாள் இரண்டு பாடம் சொன்னார். முதல் கியர் போட்டு வண்டியை எடுக்க வேண்டும். வண்டி நின்றதும் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உருண்டுவிடும். இரண்டாம் நாள் அவர் மகளுக்குப் பிரசவம். அவர் திருப்பூருக்குப் போய்விட்டார், இரண்டாம் நாள் பாடமும் அவரோடு போயிற்று.

அதனால் ஒரு குறையும் வரவில்லை. வாரம் ஒருமுறை வெளியே எடுக்கும் கார் ஐந்தாறு கிலோமீட்டர் முதல் கியரிலேயே ஊர்ந்து போகும். பிறகு இரண்டு விக்கல் விக்கி, தானாக நின்றுவிடும். நின்றதும் வெள்ளியங்கிரி சொல்லிக்கொடுத்தபடி பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்வான். உரம் வாங்கப் போன வண்டி பெருமாள் கோயில் வாசலில் நின்றால் சாமி கும்பிட்டுவிட்டு வந்தார்கள். சாமி கும்பிடப் போன வண்டி சலூன் வாசலில் நின்றால் முடி வெட்டிக்கொண்டார்கள். திரும்பி வர இரண்டு காளைகளைப் பூட்டி இழுத்து வருவார்கள். மறுநாள் காலையில் சாவியைத் திருகினால் கார் சமத்தாகக் கிளம்பும். உழைத்தால் களைப்பு வராதா, உறங்கினால் தெளியாதா என்று அவர்களுக்கு அது இயல்பாகவே தோன்றியது.

ஆக, மூன்று மாதமாகக் கார் நின்றுகொண்டே இருந்தும், அதை ஒரு கோளாறு என்று யாரும் நினைக்கவில்லை. சென்னியப்பனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய அந்தப் புதன்கிழமை வரைக்கும்.

சென்னியப்பனுக்கு முப்பத்தெட்டு வயது. பதினோரு இடத்தில் பெண் பார்த்தாயிற்று, ஒன்றும் கூடிவரவில்லை. பன்னிரண்டாவது இடம் வெள்ளாங்காட்டுவலசு, முப்பத்தாறு கிலோமீட்டர். பெண்ணின் பெயர் கோகிலவாணி. பழுதான தோட்டத்து மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறாள், சுற்று வட்டாரத்தில் அவள் கை படாத மோட்டார் கிடையாது. அவளுடைய அப்பா குழந்தைவேல் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறக்கிறது. அதற்குள் வந்து, பேசி, வெற்றிலை பாக்குத் தட்டு கைமாறிவிட வேண்டும். தவறினால் ஒன்றரைக்கு மேல் வேறொரு இடத்திலிருந்து வருகிறார்கள், தட்டு அவர்களுக்கு.

இதைக் கேட்டதிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் அவனோடு படித்தவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருக்க, அவன் அவர்களுக்கு வழி விட்டு ஓரமாக நிற்கிறவனாக இருந்தான். இந்த இடமும் போனால் இனிமேல் யாரையும் தொந்தரவு செய்வதில்லை என்று அவன் தனக்குள் முடிவு செய்திருந்தான்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். ஓட்டுகிறவன் வெள்ளியங்கிரி, சென்னியப்பனின் அக்கா புருஷன். பின்சீட்டில் தாய்மாமன் குப்பண்ணன், சித்தப்பா நாச்சிமுத்து, இடது ஜன்னல் ஓரம் சென்னியப்பன். நாச்சிமுத்துவின் மடியில் தட்டு. வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம். தட்டைத் தரையில் வைக்கக் கூடாது, கையை விட்டு எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். முன்சீட்டில் வெள்ளியங்கிரிக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அது சென்னியப்பனுக்கு வரப்போகிறவளுக்காகக் கார் வாங்கிய அன்றே ஒதுக்கிய இடம். மழை நாளில்கூடப் பின்சீட்டில் ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்களே தவிர, அதில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை.

ஆறாவது கிலோமீட்டரில் கார் விக்கி நின்றது. வெள்ளியங்கிரி பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டான்.

புளியமர நிழலில் துண்டு விரிக்கப்பட்டது. காரை நாளைக் காலை வரை உறங்கவிட நேரமில்லை என்பதை முதலில் ஏற்றுக்கொண்டார்கள். அப்படியானால் அது ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பசி என்றார் குப்பண்ணன். அதற்குக் கூச்சம், வெளியூர்ப் பக்கம் வந்து பழக்கமில்லை என்றார் நாச்சிமுத்து. கடைசியில் சென்னியப்பன் தயங்கித் தயங்கி, மெக்கானிக் ஜலீல் பாய்க்குப் போன் போட்டால் என்ன என்று கேட்டான்.

ஜலீல் பாய் பொறுமைசாலி. பானெட்டைத் திறந்து ஏதாவது வயர் கழன்று கிடக்கிறதா பாருங்கள், கழன்றதை மாட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள் என்றார்.

பானெட்டைத் திறந்தார்கள். ஒரு வயரும் கழன்று கிடக்கவில்லை. இது பெரிய சங்கடமாகப் போயிற்று. கழன்றதை மாட்டு என்று சொல்லியிருக்கிறார், கழன்றது ஒன்றும் இல்லையே. மறுபடியும் துண்டில் உட்கார்ந்து யோசித்து, ஒரு நல்ல வயராகப் பார்த்துக் கழற்றினார்கள். பிறகு அதை மாட்டினார்கள். சாவியைத் திருகினால் கார் இருமிற்றே தவிரக் கிளம்பவில்லை.

இரண்டாவது போனில் ஜலீல் பாய், என்ஜின் சூடாகியிருக்கும், கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள் என்றார். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று குப்பண்ணன் கேட்டார். ஒரு டீ குடிக்கிற நேரம் என்றார் அவர். அங்கே டீக்கடை இல்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். டீ குடித்தது நாலு நிமிஷம், நடந்தது முக்கால் மணி நேரம். கார் கிளம்பவில்லை.

மூன்றாவது போனில் அவர் குரலில் பொறுமை சற்றுக் குறைந்திருந்தது. பெட்ரோல் இருக்கிறதா இல்லையா, முதலில் டேங்கைத் திறந்து பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

கயிற்றை அவிழ்த்து, மெழுகைச் சுரண்டி, ட்யூபைப் பிரித்து, மூடியைத் திருகினார்கள். 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு வந்தது. நாலு பேரும் வரிசையாக ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே பார்த்தார்கள். பெட்ரோல் இருந்தது. மறுபடி மூடிக் கட்டிவிட்டு, வெள்ளியங்கிரி மனசு கேளாமல் சாவியைத் திருகினான். கார் உடனே உறுமிக்கொண்டு கிளம்பியது.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் மறுபடி நின்றது. இந்தத் தடவை வேப்பமரம். ஒரு வயரைக் கழற்றி மாட்டினார்கள். ஒரு டீ குடித்தார்கள். டேங்கைத் திறந்து பார்த்தார்கள். கார் கிளம்பியது. பதினெட்டாவது கிலோமீட்டரில் மறுபடியும் நின்றது. அங்கே துண்டு விரித்தபோது மணி ஒன்பதே முக்கால். சென்னியப்பன் ஒரு சுள்ளியை எடுத்துத் தரையில் பன்னிரண்டு கோடு போட்டு, பதினோரு கோட்டை அழித்துவிட்டு, மிஞ்சிய ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். குப்பண்ணன் அந்தக் கோட்டின்மேல் கால் படாமல் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எப்படியாச்சும் கண்டுபுடிக்கோணும் மச்சான்," என்றார் நாச்சிமுத்துவிடம்.

நாச்சிமுத்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். திறந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"வயரை மாட்டினோம், கெளம்பல. டீ குடிச்சோம், கெளம்பல. பெட்ரோலைப் பாத்தோம், கெளம்பிருச்சு. ரெண்டு தடவையும் அப்படித்தானுங்க. அப்ப இதுல இருந்து என்ன தெரியுது?"

ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"பெட்ரோலைப் பாக்கோணும். அது மூணு மாசமா இருட்டுல தனியாக் கெடக்குது. ஆரும் எட்டிக்கூடப் பாக்கலீன்னா அதுக்கு என்ன ஊக்கம் வரும்? நாம பாத்தோம், அந்தச் சந்தோசத்துல ஆறு கிலோமீட்டரு ஓடுச்சு. சந்தோசம் தீந்ததும் நின்னுருச்சு."

குப்பண்ணன் அவசரப்பட்டு எதையும் ஒப்புக்கொள்கிறவர் அல்ல. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். முதலில் மூடியைத் திறக்காமல் அதன்மேலேயே உற்றுப் பார்த்தார்கள், கார் கிளம்பவில்லை. பிறகு திறந்து பார்த்தார்கள், கிளம்பியது. இதைவிடத் தெளிவாக நிரூபிக்க முடியாது என்று குப்பண்ணனும் ஒப்புக்கொண்டார். ஆக, கார் நிற்காமல் போக வேண்டுமானால் யாராவது ஒருவர் பெட்ரோலைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

யார் பார்ப்பது? வெள்ளியங்கிரி ரோட்டைப் பார்க்க வேண்டும். நாச்சிமுத்து தட்டைப் பிடிக்க வேண்டும். குப்பண்ணனுக்குத்தான் வழி தெரியும். மிச்சமிருந்தது மாப்பிள்ளை. டேங்க் வாயும் இடது பக்கம், பின் ஜன்னலுக்குக் கீழேதான் இருந்தது.

"மாப்ளே, ஒரு நிமிசம்கூடக் கண்ணை எடுக்கப்படாது. உன்ற கல்யாணம் உன்ற கண்ணுலதான் இருக்குது," என்றார் குப்பண்ணன்.

சென்னியப்பன் இடுப்பு வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே வந்து, தலைகீழாக வளைந்து, டேங்க் வாய்க்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டான். குப்பண்ணன் அவன் வேட்டியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். கார் கிளம்பியது. இருபத்து நாலாவது கிலோமீட்டர் வந்தது, நிற்கவில்லை. முப்பதாவது வந்தது, நிற்கவில்லை. எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். சென்னியப்பன் யாரையும் பார்க்கவில்லை. அவன் கண்ணில் நீர் வழிந்தது, மூக்கு எரிந்தது. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் செய்கிற ஒரு வேலையால் ஒரு காரியம் நடக்கிறது என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

பதினொன்றே முக்காலுக்கு வெள்ளாங்காட்டுவலசு வந்துவிட்டது. குழந்தைவேலின் வீடு தோட்டத்து நடுவில் இருந்தது, சுற்றிலும் கார் போகிற அகலத்துக்கு வாசல். குழந்தைவேல் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கும்பிட்டபடி முன்னால் வந்து நின்றார். கார் அவரைக் கடந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு, மறுபடி அவர் முன்னால் வந்து, மறுபடியும் கடந்து போயிற்று.

நிற்கவில்லை. அதுவரையில் அந்தக் கார் ஒருநாளும் நிற்காமல் இருந்ததில்லை, ஆகவே அதை எப்படி நிறுத்துவது என்று யாரும் யோசித்ததில்லை.

"கண்ணை மூடு மாப்ளே," என்றார் குப்பண்ணன். சென்னியப்பன் மூடினான். கார் நிற்கவில்லை. பழைய சந்தோஷம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று நாச்சிமுத்து விளக்கினார். அதற்காக ஒரேயடியாகப் பார்க்காமல் இருந்தால் பெட்ரோல் கோபித்துக்கொண்டு, நாளைக்குக்கூடக் கிளம்பாமல் போகலாம். ஆகவே, பார்க்கிறதைப் பார், நிற்கிறபோது நிற்கட்டும் என்று தீர்மானமாயிற்று. துண்டு விரிக்க வழியில்லாததால் அது பாதித் தீர்மானம்தான்.

மூன்றாவது சுற்றில் குழந்தைவேலின் கண் கலங்கிவிட்டது. இதுவரை வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் இறங்கியதும் கிணற்றைப் பார்த்தார்கள், தென்னை மரங்களை எண்ணினார்கள். வீட்டையே கோயிலாக நினைத்து வலம் வந்தவர்கள் இவர்கள்தான். அவரும் கும்பிட்ட கையை இறக்காமல் கார் கூடவே நடக்க ஆரம்பித்தார்.

பேச்சு நடந்துகொண்டே நடந்தது. நாலாவது சுற்றில் குலம் கோத்திரம் விசாரித்தார்கள். ஐந்தாவது சுற்றில் பையனுக்கு எத்தனை ஏக்கர் என்று குழந்தைவேல் கேட்க, ஆறாவது சுற்றில் குப்பண்ணன் பதில் சொன்னார். ஏழாவது சுற்றில் கோகிலவாணி காபி டம்ளரோடு வெளியே வந்தாள்.

பட்டுச்சேலை கட்டியிருந்தாலும் விரல் இடுக்கில் கிரீஸ் கறுப்பு போகவில்லை. கார் பக்கத்தில் வந்ததும் அவளும் கூட நடந்தாள். தலைகீழாகத் தொங்குகிறவருக்குக் காபியை எப்படிக் கொடுப்பது என்று ஒரு சுற்று யோசித்துவிட்டு, டம்ளரைக் குப்பண்ணன் கையில் கொடுத்தாள்.

"ஏனுங்க, டேங்குக்குள்ள என்னத்தைப் பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

"பெட்ரோலைங்க. கண்ணை எடுத்தா வண்டி நின்னுருமுங்க. அதனாலதான் உங்களைப் பாக்க முடியலீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க," என்றான் சென்னியப்பன்.

அவள் விவரம் கேட்டாள். அவன் தலைமையாசிரியரிலிருந்து ஆரம்பித்து ட்யூப், மெழுகு, கயிறு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். மோட்டாரோடு பழகினவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக வேண்டும், அதை அடைத்துவிட்டால் பெட்ரோல் இறங்காது, வண்டி நின்றுவிடும், மூடியைத் திறந்தால் காற்று போய் வண்டி கிளம்பும் என்று எடுத்துச் சொன்னாள். நீங்கள் பார்த்ததால் அல்ல, திறந்து வைத்ததால்தான் வண்டி ஓடுகிறது என்றாள்.

சென்னியப்பன் கால் சுற்றுத் தூரம் பெட்ரோலையே உற்றுப் பார்த்தான்.

"அப்ப பதினெட்டுக் கிலோமீட்டரும் நான் சும்மாவா பாத்துட்டு வந்தனுங்க?"

அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் அவளைத் தொட்டுவிட்டது. அவளைப் பார்க்க வந்தவர்களில் எத்தனையோ பேர் அவளையும் பார்த்து, அவள் தலைக்கு மேலாகத் தோப்பையும் பார்த்தவர்கள். ஒப்படைத்த ஒன்றைவிட்டுக் கண்ணை எடுக்காத ஒருவனை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். இவனைக் கட்டிக்கொண்டால் ஒருநாளும் கைவிட மாட்டான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

"சும்மா இல்லீங்க. தூசி துரும்பு விழுகாமப் பாத்துட்டு வந்தீங்கல்ல," என்றாள். "எனக்குச் சம்மதம்னு எங்கப்பாகிட்டச் சொல்லீறேன்."

சென்னியப்பன் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் டேங்கில் விழுந்தது. அதைப் பற்றி அவன் பிறகு வெகுநாள் கவலைப்பட்டான்.

எல்லாம் கூடிவந்துவிட்டது. தட்டு ஒன்றுதான் பாக்கி. ஓடுகிற வண்டியிலிருந்து தட்டு வாங்குவது முறையல்ல, வண்டி நிற்க வேண்டும் என்று குழந்தைவேல் சொல்லிவிட்டார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். நாச்சிமுத்து தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நின்றுவிடும், எப்படியும் நின்றுவிடும் என்று முணுமுணுத்தார். பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம். குப்பண்ணன் காருக்கே கும்பிடு போட்டார். சென்னியப்பன் பெட்ரோலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கோகிலவாணி முன்னால் ஓடி, வெள்ளியங்கிரியிடம் பிரேக் இருக்கிறதா என்று கேட்டாள்.

"நல்லா இருக்குதுங்க. வண்டி நின்னதும் மிதிச்சுப் புடிக்கறதுதானுங்க அது."

"நிக்கறதுக்கு முன்னாடியே மிதிச்சா?"

"வண்டி கத்துக்குடுத்த வாத்தியார் அதைச் சொல்லலீங்க. ரெண்டாம் நாளு பாடமா இருக்குமாட்ட."

அவள் அதற்குமேல் காத்திருக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடது பக்கத்து முன்கதவைத் திறந்து, வலது காலை எடுத்து உள்ளே வைத்து, காலியாக இருந்த இடத்தில் ஏறி, அப்படியே சீட்டோடு நகர்ந்து, அதே காலால் பிரேக்கை ஓங்கி மிதித்தாள்.

கார் குலுங்கி, விக்கி, நின்றது. நாச்சிமுத்துவின் மடியிலிருந்த தட்டு ஜன்னல் வழியாகப் பறந்தது. வெளியே கூட நடந்துகொண்டிருந்த குழந்தைவேல் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். தேங்காய்கூட உருளவில்லை. மணி பன்னிரண்டாக அரை நிமிஷம் இருந்தது. தட்டு கைமாறிவிட்டது, பெண்ணும் தனக்கென்று ஒதுக்கிய இடத்தில் வலது காலை வைத்து வந்து உட்கார்ந்துவிட்டாள். இதற்குமேல் ஒரு நிச்சயதார்த்தத்தில் என்ன இருக்கிறது?

அந்தச் சமயத்தில் ஒருவராவது சிரித்திருக்க வேண்டும், கையைப் பிடித்துக் குலுக்கியிருக்க வேண்டும். கரட்டுப்புதூர்க்காரர்கள் மூன்று பேரும் முகம் இருண்டுபோய்க் காரைவிட்டு இறங்கினார்கள். நேரே தென்னை மர நிழலுக்குப் போய்த் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். வெள்ளியங்கிரி அதற்கு முன்னால், அவள் கால்மேல் படாமல் தன் காலையும் பிரேக்கில் ஒருமுறை வைத்துவிட்டுத்தான் இறங்கினான், வண்டி நின்றுவிட்டதல்லவா.

"நல்லா ஓடிட்டிருந்த வண்டி," என்றார் குப்பண்ணன். "இப்ப எதுக்கு நின்னுச்சு?"

குழந்தைவேல் தட்டோடு வந்து, துண்டின் நாலாவது பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்து, அதில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பெட்ரோலு இருக்குதான்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

குப்பண்ணனும் நாச்சிமுத்துவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல குடும்பத்தில்தான் சம்பந்தம் வாய்த்திருக்கிறது என்று இருவருக்கும் மனசு நிறைந்துபோயிற்று. நாச்சிமுத்து அங்கிருந்தே குரல் கொடுத்து, சென்னியப்பனைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

சென்னியப்பன் ஜன்னலிலிருந்து இறங்கி, டேங்க் வாயில் கண்ணை வைத்து நன்றாகப் பார்த்தான். பிறகு அந்தப் பதினெட்டுக் கிலோமீட்டருக்கும் சேர்த்து முதல் தடவையாக நிமிர்ந்தான். முன்சீட்டில் கோகிலவாணி திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கால் இன்னும் பிரேக்கிலேயே இருந்தது. அவன் அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

"பெட்ரோலு இருக்குதுங்க," என்றான் அவளிடம்.

"நான் காலை எடுக்கட்டுங்களா?" என்று அவள் கேட்டாள்.

துண்டிலிருந்து நாலு பேரும் ஒரே நேரத்தில் கையமர்த்தினார்கள். எதற்காக நின்றது என்று தெரிகிறவரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது என்றார் குப்பண்ணன். பிறகு செல்போனை எடுத்து, ஜலீல் பாயின் நம்பரைப் போட்டார்.